பச்சைச் சாராயத்துக்கு ராஜா போட்ட சட்டம்

முன்னொரு காலத்தில் கொன்றைநாட்டை மகுடபூபதி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். யார் கடைசியாகக் காதைக் கடித்தாலும் அதையே சட்டமாக்கிவிடுவார். குடிமக்கள் என்ன செய்வார்கள், பாவம்!

அங்கே பூவாயி என்ற கைம்பெண் பச்சைச் சாராயம் விற்றுப் பிள்ளைகளைக் காப்பாற்றி வந்தாள். மாசிபத்திரி மூலிகையும் சோம்பும் போட்டு வடித்த கசப்புச் சரக்கு. தண்ணீர் ஊற்றினால் பால் போல வெளுத்துவிடும். அவள் கடையில் அப்படித்தான் குடிப்பார்கள்.

ஒருநாள் காவல்வீரர்கள் சிலர் பச்சைச் சாராயம் குடித்துவிட்டு நீலமாக வாந்தியெடுத்துச் சுருண்டார்கள். சுங்க அதிகாரி மார்த்தாண்டனுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. "மகாராஜா, எல்லாம் பூவாயி சரக்கு! அவளை நாடு கடத்துங்கள். இனி என் மைத்துனன் கடையில் மட்டுமே விற்கலாம் என்று சட்டம் போடுங்கள்!"

"போட்டாச்சு!" என்றார் ராஜா.

பிள்ளைகளோடு பூவாயி எங்கே போவாள்? மந்திரி நல்லமுத்துவின் காலில் விழுந்தாள்.

மந்திரி இரண்டு கடைச் சரக்கையும் சபைக்கு வரவழைத்தார். திரை மறைவில் இரண்டு கிண்ணங்களில் ஊற்றி, தண்ணீர் கலந்து கொண்டுவந்தார். ஒன்று வெளுத்திருந்தது. மற்றது பச்சையாகவே இருந்தது.

"அடடா, எது யாருடையதென்று மறந்துபோச்சே!" என்று தலையைச் சொறிந்தார்.

தண்ணீர் கலந்து குடிப்பது கௌரவக் குறைச்சல் என்று நினைப்பவன் மார்த்தாண்டன்; அசல் சரக்கு வெளுக்கும் என்று அவனுக்குத் தெரியாது. "இதுகூடவா தெரியாது? திரிந்து கிடப்பது அவளுடையது. பச்சைப் பசேலென்று இருப்பது எங்களுடையது!"

"ஆமா சாமி, வெள்ளை என்னுதுதான்" என்றாள் பூவாயி.

"நல்லது. அவரவர் சரக்கை அவரவர் குடியுங்கள்."

பூவாயி மடமடவென்று குடித்தாள். மார்த்தாண்டன் கிண்ணத்தைத் தொடவே இல்லை. மைத்துனன் மயில்துத்தம் என்ற நஞ்சைக் கரைத்து நிறமேற்றியது அவனுக்குத் தெரியாதா என்ன!

"மகாராஜா, இன்று எனக்கு விரதம்..."

"சோம்பும் மூலிகையும் போட்டு வடித்தால்தான் வெளுக்கும், மகாராஜா. துத்தம் வெளுக்காது; வீரர்களை நீலமாக வாந்தியெடுக்க வைத்ததும் அதுதான்" என்றார் மந்திரி.

ராஜா கொதித்துப்போனார். "மைத்துனன் கடைக்குப் பூட்டு! இனி வாங்குகிறவன் கண்ணெதிரே தண்ணீர் ஊற்றித்தான் விற்க வேண்டும். வெளுக்காவிட்டால் விற்றவனே குடிக்கட்டும். மார்த்தாண்டா, நீ பூவாயி கடையில் நின்று தண்ணீர் ஊற்று! உனக்கென்ன வேண்டும், தாயே?"

"போதும்னு நான் சொன்னா, எவனா இருந்தாலும் எந்திரிச்சுப் போயிரணும், ராசா. இனி தர மாட்டேன்னு சொன்னா அடிக்க வர்றானுங்க."

ராஜாவுக்கு மனசு இளகிவிட்டது. அதையும் சட்டமாக்கினார்.

அன்று மாலை ராஜாவே கடைக்கு வந்தார். இரண்டு கிண்ணம் குடித்துவிட்டு மூன்றாவதுக்கு நீட்டினார்.

"போதும், ராசா" என்றாள் பூவாயி.

ராஜா முறைத்தார். பிறகு கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போனார். அதைப் பார்த்த பிறகு பூவாயியை நோக்கிக் கை ஓங்க எந்தக் குடிகாரனுக்கும் துணிவு வரவில்லை.