கல்லை மேலே ஏற்றிய ஊர்

கரிசல்காட்டில் தட்டையாபுரம் என்று ஓர் ஊர். எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே சமதரை. தோசைக்கல்லாவது நடுவில் கொஞ்சம் குழிந்திருக்கும். அந்த ஊர் வெயிலுமுத்துவின் இரண்டு ஏக்கர் மிளகாய்ச் செடி வாடிக்கொண்டிருந்தது. வாய்க்கால் வந்தால் பிழைக்கும், இல்லையென்றால் அடுப்புக்குத்தான். பாவம், கவலையில் ஆள் பாதியாகிவிட்டான்.

வாய்க்கால் வெட்டலாமா என்று மேடுபள்ளம் பார்த்து வரைபடம் போட சர்வேயர் வந்தார். ஊர்ப் பொதுவெளியான மந்தையில் ஓர் அளவுக்கல்லை நட்டார். "எல்லா உயரமும் இந்தக் கல்லிலிருந்துதான் கணக்கு. கல்லைவிட ஊர் ஒரு அடியாவது தாழ்வா இருந்தாத்தான் வாய்க்கால். இப்ப ரெண்டும் ஒரே மட்டம். எதுக்கும் அடுத்த வாரம் இன்னொரு தடவை அளக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"ஊரை ஒரு அடி தோண்டிருவோம்" என்றான் வெயிலுமுத்து.

மூன்று நாள் விடாமல் தோண்டினார்கள். ஊர் இறங்கின பாடில்லை.

"மாமா, தோண்டின மண்ணை எங்க போடுறோம்?" என்று கேட்டான் வெயிலுமுத்து.

"முந்தின நாள் தோண்டின குழியிலதான். நல்ல கரிசல் மண்ணு, வெளியூருக்கா குடுக்க முடியும்?" என்றார் பெத்தணன். இரண்டு தடவை தாலுகா ஆபீஸ் போய்வந்தவர் என்பதால் ஊரில் அவர்தான் அறிவாளி.

அவரே வழியும் சொன்னார். "ஊரைத் தாழ்த்தினா என்ன, கல்லை ஒசத்தினா என்ன?"

எட்டுப் பேர் சேர்ந்து கல்லைப் பிடுங்கித் தண்ணி டேங்கின் உச்சியில் ஏற்றினார்கள்.

"ஒரு அடிதானே கேட்டாரு?" என்றான் வெயிலுமுத்து.

"கவர்மெண்டு காரியம்டா. குறைச்சுக் குடுத்தா மதிக்க மாட்டாங்க" என்றார் பெத்தணன்.

சர்வேயர் வந்து அண்ணாந்து பார்த்தார். கல்லிலிருந்து அளக்க வேண்டும் என்றுதான் விதி. கல் எங்கே இருக்க வேண்டும் என்று விதியில் இல்லை. ஏணியில் ஏறி அளந்தார். ஊர் முப்பதடிப் பள்ளம் என்று எழுதிக்கொண்டார்.

முப்பதடிப் பள்ளத்தில் தண்ணீர் நிற்காமலா இருக்கும் என்று ஆபீசில் யாரோ வரைபடத்தில் ஊர் முழுக்க நீலம் அடித்து, ஊரையே கண்மாய் ஆக்கிவிட்டார்கள். கண்மாய்க்கு வாய்க்கால் எதற்கு என்று அதையும் ரத்து செய்தார்கள். கூடவே வெயிலுமுத்துவுக்கு நோட்டீஸ்: கண்மாய்க்குள் மிளகாய் போட்டது ஆக்கிரமிப்பு, உடனே காலி செய்யவும்.

அலறியடித்துக்கொண்டு ஆபீசுக்கு ஓடினான். "ஐயா, புள்ளகுட்டிக்காரன். தண்ணி வத்துற வரைக்குமாவது விடுங்க."

அதிகாரிக்கு நியாயமாகத்தான் பட்டது. 'தண்ணீர் வற்றும்வரை அனுமதி' என்று எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார்.

திரும்பி வந்து பார்த்தால் செடி இன்னும் மோசம். பெத்தணன் நோட்டீசோடு வந்த வரைபடத்தையும் செடியையும் மாறிமாறிப் பார்த்தார். "முப்பதடித் தண்ணியில நின்னா அழுகாம என்ன செய்யும்? இறைச்சு விடுங்கப்பா."

ஊரே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வாளியோடு மிளகாய்க் காட்டில் இறங்கி இறைக்க ஆரம்பித்தது. வெயிலுமுத்து மட்டும் அனுமதிச் சீட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வரப்பில் நின்று கெஞ்சினான்.

"பாத்து இறைங்க அண்ணாச்சி. அடியோட வத்திட்டா என்னைக் காலி பண்ணச் சொல்லிருவாங்க."