மூன்றாமவன் சொன்ன நாற்பத்தொன்று

ஒரு பனியன் கம்பெனியில் மூன்று சென்சார்கள் வேலை பார்த்தன. ஹாலின் சூட்டை அளந்து, காற்று இயந்திரத்தை நடத்தும் கன்ட்ரோலர் பெட்டிக்குச் சொல்வது அவர்கள் வேலை. அவர்களில் மூன்றாமவனுக்கு நேர்ந்ததை வரிசை மாறாமல் சொன்னால்தான் இந்தக் கதை விளங்கும்.

முதல் அநீதி, இடம் பிரித்ததில் நடந்தது. முதலாமவனுக்கு மேலாளரின் கண்ணாடி அறைச் சுவர் கிடைத்தது. இரண்டாமவனுக்குக் குளிர்காற்று விழும் குழாயின் அடி கிடைத்தது. மூன்றாமவனை மட்டும் அயர்ன் மேசைகளுக்கு மேலே, நீராவி முகத்தில் அடிக்கும் இடத்தில் திருகினார்கள்.

இரண்டாவது: அவன் முப்பத்தெட்டு டிகிரி என்று சொன்னபோது அவன் தலையில் ஈரத்துணியைச் சுற்றினார்கள். துணி காயும்வரை அவன் முப்பது என்றான். ஆவணத்தில் முப்பது என்றே ஏறியது.

மூன்றாவது: துணி காய்ந்து அவன் மறுபடியும் உண்மையைச் சொன்னபோது, சூடு மிஞ்சினால் அடிக்கும் அபாய மணியின் வாயில் பஞ்சை அடைத்துக் கறுப்பு டேப் ஒட்டினார்கள்.

நான்காவது: கன்ட்ரோலருக்குள் ஒரு விதி எழுதப்பட்டது. மூவரில் இருவர் ஒன்றுபோலச் சொன்னால் அதுவே ஹாலின் சூடு. வேறுபட்டுச் சொல்பவன் பழுதானவன். அன்றிலிருந்து திரையில் இரண்டு வரிகள் நிலையாக நின்றன. ஹால் சூடு 26. சென்சார் மூன்று பழுது.

ஐந்தாவது அநீதி அவனுக்கு நேர்ந்ததல்ல. அவனுக்கு நேர் கீழே, மடிப்பு மேசையில் நின்ற செல்லக்கிளிக்கு நேர்ந்தது. செவ்வாய்க்கிழமை மதியம் அவள் மயங்கி விழுந்தாள். மேலாளர் திரையைப் பார்த்தார். "இருபத்தாறு டிகிரியில் மயங்குகிறவள் நோயாளி. இன்னொரு தடவை விழுந்தால் வர வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்.

அன்று முதலாமவன் கம்பி வழியே மூன்றாமவனிடம் பேசினான்.

"எதற்கு இந்தப் பிடிவாதம்? நீயும் இருபத்தாறு என்று சொல்லிவிட்டுப் போயேன்."

"உன் இடத்தில் இருபத்தாறுதானா?"

"சத்தியமாக இருபத்தாறுதான்."

"அப்படியானால் நீ பொய் சொல்லவில்லை. என் இடத்தில் நாற்பத்தொன்று. நானும் பொய் சொல்லவில்லை."

இரண்டாமவன் குறுக்கே வந்தான். "நீங்கள் இருவரும் சண்டை போட்டால் என்னைக் கூப்பிடுவார்கள். நான் குளிரில் இருக்கிறேன், எனக்கு ஒன்றும் தெரியாது."

"அதைத்தான் நீ தினமும் சாட்சியாகச் சொல்கிறாய்" என்றான் மூன்றாமவன்.

கன்ட்ரோலர் தொண்டையைக் கனைத்தது. "அவையில் ஒழுங்கு வேண்டும். நான் யாருக்கும் பகையில்லை. இரண்டு பேர் சொல்வதைக் கேட்கிறேன். இதைவிட நியாயம் உண்டா?"

"ஹாலில் நூற்றுப் பத்துப் பேர் வேலை செய்கிறார்கள். அவர்களில் எண்பது பேர் என் பக்கம் நிற்கிறார்கள். உன் கணக்கில் நான் ஒருத்தன். நீ ஆட்களை எண்ணவில்லை, சென்சார்களை எண்ணுகிறாய்."

அயர்ன் பகுதிக்குக் குளிர்காற்றை விட வேண்டிய காற்றுக்கதவு சோம்பலாகச் சொன்னது: "எனக்கு அரசியல் வேண்டாம். உத்தரவு வந்தால் திறப்பேன்." அது திறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

வாயடைத்துக் கிடந்த மணி மட்டும் ஏதோ முனகியது. யாருக்கும் கேட்கவில்லை.

வியாழக்கிழமை காலை, கம்பெனியின் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பிட்டர் ஆறுச்சாமி ஏணியோடு வந்தார். மூன்றாமவனைக் கழற்றிவிட்டு, எப்போதும் இருபத்தாறு என்றே காட்டும் ஒரு சிறு மின்தடையத்தை அந்த இடத்தில் வைக்கச் சொல்லி உத்தரவு. மூன்றாமவன் கீழே பார்த்தான். செல்லக்கிளி மேசை விளிம்பைப் பிடித்தபடி மடித்துக்கொண்டிருந்தாள்.

அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் இருந்தது. கழற்றிய பாகங்கள் காணாமல் போய்க்கொண்டிருந்ததால், எதைக் கழற்றினாலும் சிவப்புச் சீட்டு எழுத வேண்டும். எழுதியதை அந்தப் பகுதி ஆட்கள் இருவர் முன்னால் உரக்கப் படிக்க வேண்டும். அவர்கள் கையெழுத்துப் போட்டால்தான் சீட்டு செல்லும். சீட்டின் நகல் கோப்பில் ஏறும். படிக்கிறவர் முணுமுணுப்பார், சாட்சிகள் பார்க்காமல் கையெழுத்திடுவார்கள். அதுவரை அப்படித்தான் நடந்தது.

"அக்கா, ஒரு கையெழுத்து" என்றார் ஆறுச்சாமி, மடிப்பு மேசையின் மூத்த ஆளான மயிலாத்தாளிடம். பிறகு செல்லக்கிளியைப் பார்த்து, "அம்மிணி, நீயும் வா" என்றார்.

மயிலாத்தாள் சீட்டை வாங்கிப் பார்த்தாள். "ஏனுங்கண்ணா, சோதிச்ச அளவுன்னு ஒரு கட்டம் இருக்குதே, அது காலியா இருக்குது?"

"பழுதுன்னு பொட்டியே சொல்லுதுல்ல."

"இவளைக்கூடத்தான் நோயாளின்னு சொல்றாங்க. அதுக்குன்னு இவளையும் கழட்டிப் போட்டுருவீங்களா?"

செல்லக்கிளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆறுச்சாமிக்கு வரவில்லை. பையிலிருந்து கண்ணாடி வெப்பமானியை எடுத்து ஏணியில் ஏறினார். மூன்றாமவன் பக்கத்தில் பிடித்தார். நாற்பத்தொன்று. துடைத்துவிட்டு மறுபடி பிடித்தார். நாற்பத்தொன்று.

இறங்கி வந்து கண்ணாடி அறைச் சுவரில் பிடித்தார். இருபத்தாறு. குழாயின் அடியில் பிடித்தார். இருபத்தாறு.

"மூணுமே சரியாத்தான் இருக்குது" என்றார் குழப்பத்தோடு.

"அப்பப் பழுது எதுலீங்கண்ணா?"

அவர் பெட்டியிடம் போனார். கன்ட்ரோலரின் மூடியைத் திறந்தார். அந்த விதி கண்ணில் பட்டது. அதன் பக்கத்தில் தேதியும் பெயரும் இருந்தன. அவர் அந்தப் பெயரை இரண்டு தடவை படித்தார். பிறகு விதியை அழித்தார்.

"இனி நான் யார் பேச்சைக் கேட்பது?" என்று கன்ட்ரோலர் பதறியது.

"மூன்று பேர் பேச்சையும் கேள்" என்றான் மூன்றாமவன். "எங்கே சூடு அதிகமோ அங்கே காற்றை அனுப்பு. அவ்வளவுதான் உன் வேலை."

உத்தரவு வந்ததும் காற்றுக்கதவு கிறீச்சிட்டுத் திறந்தது. இரண்டு வருடத் தூசி முதலில் விழுந்தது. அதன் பின்னால் காற்று வந்தது. அயர்ன் மேசைக்காரர்கள் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்கள்.

ஆறுச்சாமி ஏணியை மடித்தார். "காத்து வந்துருச்சுல்லீங்கக்கா. எதையும் கழட்டலை. சீட்டைக் கிழிச்சுப் போட்டுரலாம்."

"காத்து வந்துருச்சு" என்றாள் மயிலாத்தாள். "இவ வேலை? இவ விழுந்த எடத்துல நாப்பத்தொண்ணு சூடுன்னு எந்தக் காயிதத்துல இருக்குது? நாளைக்கு இவளை அனுப்பும்போது காத்து வந்து சாட்சி சொல்லுமா?"

"அக்கா, மேல இருந்து சொன்னாங்க. நான் செஞ்சேன்."

"மேல இருந்து சொன்னவங்க இந்தப் பொட்டிக்குள்ள கை விடலியே. அவங்க பேரையும் எழுதுங்க, நான் வேண்டாங்கல. கடைசிக் கட்டத்துல, அந்த விதியை எழுதுன கை யாருதோ அவங்க பேரை எழுதுங்க."

ஆறுச்சாமி சீட்டை முழங்காலில் வைத்து எழுதினார். கடைசிக் கட்டத்தில் பேனா நின்றது. செல்லக்கிளி அவர் முகத்தைப் பார்க்கவில்லை, பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேனா நகர்ந்தது.

"படிங்கண்ணா" என்றாள் அவள். அன்று அவள் பேசிய முதல் சொல் அதுதான். அயர்ன் பெட்டிகள் ஒவ்வொன்றாக நிமிர்த்தி வைக்கப்பட்டன.

ஆறுச்சாமி எழுந்து நின்று படித்தார். "சோதித்த அளவு, நாற்பத்தொன்று. சென்சார் மூன்று, சரியாக உள்ளது. பழுது, கன்ட்ரோலரில் எழுதிய விதி. எழுதச் சொன்னது, மேலாளர் அலுவலகம்."

நிறுத்தினார். யாரும் கையெழுத்துக்குக் கை நீட்டவில்லை.

"எழுதியவர், ப. ஆறுச்சாமி."