துக்கம் கேட்க வந்த பறவைகள்

காட்டுக் குளக்கரை நாவல் மரத்துப் பொந்தில் ஒரு மைனா குடும்பம் இருந்தது. ஒரு நாள் விடியற்காலையில் ஆண் மைனாவைப் பருந்து அடித்துக்கொண்டு போய்விட்டது.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. துணையை இழந்தவள் பொழுது சாயும்வரை கிளையைவிட்டு நகரக் கூடாது. துக்கம் கேட்க வருகிற ஒவ்வொருவரோடும் சேர்ந்து அழ வேண்டும்.

முதலில் கொக்கு வந்தது. அலகோரத்தில் மீன் செதில் ஒட்டியிருந்தது. "எப்படிடி ஆச்சு? தங்கமான குணமாச்சே!" என்று கழுத்தை வளைத்து அழுதது. மைனாவும் அழுதது.

பொந்துக்குள் முந்தாநாள் பொரிந்த குஞ்சு வாயைத் திறந்து கத்திக்கொண்டிருந்தது. விடிந்ததிலிருந்து அதற்கு ஒரு புழுகூடக் கிடைக்கவில்லை.

"அக்கா, குஞ்சுக்குப் பசிக்குது. ஒரு பூச்சி பிடிச்சுட்டு ஓடி வந்துடறேன்" என்றது மைனா.

"நல்லாருக்கே!" என்றது அடுத்து வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்த காகம். "புருஷன் போன அன்னைக்கே பூச்சி பிடிக்கப் போறாளாம்! பாக்கிறவங்க என்ன சொல்லுவாங்க?"

மைனா விரித்த சிறகை மடக்கிக்கொண்டது.

மரங்கொத்தி வந்தது. கிளிகள் கூட்டமாக வந்தன. வந்தவர்களுக்கெல்லாம் மைனா நடந்ததை முதலிலிருந்து சொல்லி அழுதது.

"மேல் கிளைப் பழம் கறுத்துடுச்சு பாரு!" என்றது ஒரு கிளி.

"உஷ்! யாரோ வர்றாங்க, அழு!" என்றது இன்னொன்று.

ஒப்பாரி ஓங்கியது. குஞ்சின் குரல் மெலிந்துகொண்டே போனது. மைனா பொந்துப் பக்கம் நகர்ந்தது. "தைரியமா இரு தாயி, எங்கேயும் போயிடாதே!" என்று காகம் அதை அணைத்துக்கொண்டது.

பொழுது சாய்ந்தது. எல்லாரும் கிளம்பினார்கள். மைனா பாய்ந்து போய் ஒரு வெட்டுக்கிளியைக் கவ்வி வந்தது. குஞ்சு வாயைத் திறக்கவில்லை. மைனா அதை அலகால் மெல்லத் தட்டிப் பார்த்தது. தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

மைனா போட்ட அலறலில், பறந்துகொண்டிருந்த பறவைகள் திரும்பி வந்து அதே கிளையில் வரிசையாக உட்கார்ந்தன. காகம் தொண்டையைச் செருமிக்கொண்டது.

"ஐயோ, தங்கமான புள்ளையாச்சே!"

மைனாவுக்கு அழுகை வரவில்லை. பொந்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

"பாத்தியா, பெத்தவளுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரல!" என்று கொக்கின் காதில் கிளி முணுமுணுத்தது.

ஊர் பார்க்க அழுகிறவர்கள் கூடும் இடத்தில், உண்மையான பசியின் குரல் யார் காதிலும் விழுவதில்லை.