சேற்றுக்குச் சொந்தக்காரர்

கோடையில் வெடித்துக் கிடந்த ஏரி ஒரே மழையில் நிரம்பி, விரால் துள்ளியது. கூடையோடு ஓடிய ஊரைப் பல்லக்கில் வந்து மறித்தார் ஜமீன்தார் மகுடபதி.

“இங்க யாரும் மீன்குஞ்சு விடலை. உயிரில்லாத சேறு தானா உயிர் கொடுத்திருக்கு. சேறு என்னுது, மீனும் என்னுது.”

கூட வந்த பண்டிதர் ஆமாம் போட்டார்.

வலைக்காரி சடைச்சி ஒரு விராலின் வயிற்றைக் கீறிச் சினையைக் காட்டினாள். “மீனைப் பெத்தது மீனுதான் எஜமான்.”

மகுடபதி மீசையை முறுக்கினார். “அப்ப உலகத்துல முதல் உயிரைப் பெத்தது யாரு? சொல்லிட்டு மீனை அள்ளிக்க. சொல்லலேன்னா இந்த ஏரிப் பக்கம் ஒருத்தரும் தலைவச்சுப் படுக்கக் கூடாது.”

சடைச்சி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

“நீங்க சொன்ன மாதிரி சேறுதான் பெத்திருக்கும் எஜமான்.”

“அப்படி வா வழிக்கு.”

“ஆனா அதுதானே முதல் உயிரு? அன்னைக்கு ஜமீன்தாருன்னு ஒருத்தர் இருந்திருக்க முடியாதே. சொந்தக்காரரே இல்லாத சேத்துல பொறந்தது. அதோட பேரப்புள்ளைங்க மேல உங்களுக்கு என்ன பாத்தியதை?”

மகுடபதி பண்டிதரைப் பார்த்தார். பண்டிதர் வானத்தைப் பார்த்தார். அதற்குள் ஊர் ஏரியில் இறங்கிவிட்டது.

அன்று தெருவெல்லாம் மீன்குழம்பு மணத்தது. அரண்மனையில் மட்டும் ரசம்.