உண்ணாத சிப்பிப்பாறை

இதை எனக்கு முதலில் சொன்னவர் எங்கள் பள்ளியின் தையலாசிரியை ஜெபமணி. உணவு இடைவேளையில், டிபன் டப்பாவை மூடியபடி சொன்னார். அவர் சொன்னபோது கதையில் ஒரு மழையும் பெய்தது. அது தேவைப்படாததால் நீக்கிவிட்டேன். மற்றவை அவர் சொன்னபடியே.

"அம்மா, நீங்க கொடுத்த நாய் சாப்பிட மாட்டேங்குது. இன்னையோட மூணு நாள்."

இப்படி முறையிட்டவர் வீரபுத்திரன். ரேஷன் கடையில் முப்பது ஆண்டுகள் எடை போட்டு ஓய்வு பெற்றவர்.

கேட்டுக்கொண்டிருந்தவர் பேச்சித்தாய். கோவில்பட்டிக்குத் தெற்கே, கரிசல் காட்டில் நாய் வளர்ப்பவர். இந்தக் கதையில் ஆசிரியை அவர்தான், மாணவர் வீரபுத்திரனைவிடப் பதினெட்டு வயது இளையவர்.

ஓராண்டாக ஒவ்வொரு சனிக்கிழமையும் வீரபுத்திரன் அவரிடம் வந்துகொண்டிருந்தார். குடும்பத்துக்கு ஏற்ற நாய் எது என்பதே அவருடைய கேள்வி.

பேச்சித்தாய் ஒருநாளும் விடை சொன்னதில்லை. நாய்களுக்குச் சோறு வைப்பார். மாணவரைப் பார்க்கச் சொல்வார்.

வீரபுத்திரன் பார்த்ததை எல்லாம் ஒரு நோட்டில் எழுதினார்.

லாப்ரடார் யார் வைத்தாலும் தின்கிறது. பிறகு வைத்தவர் கையையும் நக்குகிறது. பொமரேனியன் தன் தட்டை விட்டுவிட்டு அடுத்த தட்டைப் பார்த்துக் குரைக்கிறது. கோம்பைக்கு ஒரு கண் சோற்றில், ஒரு கண் வாசலில். சிப்பிப்பாறை மெதுவாக வருகிறது, சத்தமின்றித் தின்கிறது.

நோட்டு நிறைந்த பிறகே அவருக்கு ஒரு நாய் கிடைத்தது. மயிலை என்னும் இரண்டு வயதுச் சிப்பிப்பாறை, பெட்டை.

பேச்சித்தாயிடம் ஒரு வழக்கம் இருந்தது. புதிதாகப் போன வீட்டில் ஐந்தாம் நாள் முடியும்வரை உண்ணாத நாயை அவர் திரும்ப அழைத்துக்கொள்வார். அந்த வீட்டுக்கு மறுபடியும் நாய் தரமாட்டார்.

மூன்று நாள் கழிந்துவிட்டது.

என்ன வைத்தீர்கள் என்று பேச்சித்தாய் கேட்டார். வீரபுத்திரன் முறையை ஒப்பித்தார். காலையில் மனைவி குருவம்மாள் பால்சோறு. மதியம் மகள் தமயந்தி கோழிக்கறி. மாலையில் தாமே ஈரல். நாயின் அன்பில் ஒருவருக்கு ஒரு கிராம் கூடவும் கூடாது, குறையவும் கூடாது என்று அப்படி வகுத்திருந்தார்.

அது தண்ணீர் மட்டும் குடித்தது. மருத்துவர் சோதித்துப் பார்த்து, உடம்பில் நோய் இல்லை என்றார். அளந்து போட்டவர் யார் என்று தெரிந்துகொண்டு, எடை குறையும் என நாய் சந்தேகப்படுகிறது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

பேச்சித்தாய் சிரிக்கவில்லை.

"அண்ணாச்சி, அந்த நோட்டைத் திறங்க. மயிலைக்குச் சோறு வைச்ச பிறகு நான் என்ன செஞ்சேன்?"

வீரபுத்திரன் பக்கங்களைப் புரட்டினார். நாய் செய்தவை எல்லாம் நாள்வாரியாக இருந்தன. ஆசிரியை செய்தது ஒரு வரிகூட இல்லை.

"நாயைத்தானே அம்மா பார்க்கச் சொன்னீங்க?"

"நாளைக்குக் காலையில உங்க வீட்டுக்கு வாரேன்."

"மயிலையைப் பார்க்கவா?"

"சாப்பிட."

நான்காம் நாள் காலை பேச்சித்தாய் வந்தார்.

மயிலை கதவோரம் படுத்திருந்தது. அதன் முன்னால் தட்டு நிறையப் பால்சோறு. விலா எலும்புகளை எண்ணிவிடலாம் போலிருந்தது.

குருவம்மாள் இலை போட்டு மூன்று தோசை வைத்தார். பிறகு தோசைக் கரண்டியுடன் அங்கேயே நின்றார். தமயந்தி சாம்பார் வாளியுடன் எதிரே நின்றாள். வீரபுத்திரன் பக்கத்தில் அமர்ந்து விசிறினார். தோசை மெத்தென்று இருக்கிறதா, சட்னியில் உப்பு சரியா, இன்னொன்று வார்க்கட்டுமா என்று மூவரும் மாறி மாறிக் கேட்டார்கள்.

பேச்சித்தாய் ஒரு துண்டு பிட்டார்.

கை மேலே போனது. மூன்று முகங்களும் கையோடு மேலே போயின.

கை கீழே வந்தது. மூன்று முகங்களும் கீழே வந்தன.

துண்டை இலையிலேயே வைத்துவிட்டு எழுந்து, கை கழுவினார்.

விருந்தாளி உண்ணாமல் எழுவதை அந்த வீடு அதுவரை கண்டதில்லை. குருவம்மாளின் குரல் தடித்தது.

"என் தோசையில என்ன குறை?"

"ஒரு குறையும் இல்லை, மதினி. எனக்கு நல்ல பசி."

"பிறகு ஏன் எழுந்தீங்க?"

பேச்சித்தாய் கதவோரம் பார்த்தார். மயிலை அவரைப் பார்த்தது. அவர் செருப்பை மாட்டினார்.

குருவம்மாள் வாசல்வரை வந்தார்.

"மூணு தோசை பாக்கி வைச்சிட்டுப் போறீங்க. சாப்பிட்டுத் தீர்க்காம உங்களை விடமாட்டேன்."

"தீர்ப்பேன், மதினி."

அன்று முழுவதும் வீரபுத்திரன் யோசித்தார். மறுநாள் காலை அந்த இலை இருந்த இடத்திலேயே தாம் உட்கார்ந்தார். மூன்று தோசை வைக்கச் சொன்னார். மனைவியையும் மகளையும் எதிரே நின்று, தம் வாயையே பார்க்கச் சொன்னார். என்ன ஆகிறது என்று அறிய விரும்பினார்.

முதல் வாய் உள்ளே போயிற்று. அதற்கு மேல் இறங்கவில்லை.

"அப்பா, உங்க மீசை ஆடுது," என்றாள் தமயந்தி.

வீரபுத்திரன் நோட்டை எடுத்து வந்தார். திறக்கவில்லை, மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். ஐம்பது சனிக்கிழமைகள் இருக்கும். ஆசிரியை சோறு வைக்கிறார். நடந்து போகிறார். கிணற்றடியில் உட்கார்ந்து கயிறு திரிக்கிறார்.

அவருடைய முகம் நினைவுக்கு வரவில்லை. முதுகுதான் வந்தது.

ஐந்தாம் நாள் மாலை. பொழுது சாய இன்னும் சிறிது நேரமே இருந்தது.

வீரபுத்திரன் தட்டைக் கதவோரம் வைத்தார். மூவரும் மறுபக்கச் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தமயந்தி ராகு காலத்தை முணுமுணுத்துப் படித்தாள். நேரம் போயிற்று.

தரையில் நகம் உரசியது.

"தின்னுதா?" என்றார் குருவம்மாள், வாய்க்குள்.

"தெரியாது."

"லேசாத் திரும்பிப் பாருங்களேன்."

"மாட்டேன்."

தட்டு தரையில் நகர்ந்தது. மறுபடியும் நகர்ந்தது. சுவரில் மோதி நின்றது. அதன் பிறகும் மூவரும் திரும்பவில்லை.

சனிக்கிழமை வந்தது. வீரபுத்திரன் பாடத்துக்குப் போகவில்லை. காலையிலேயே பேச்சித்தாய் வந்துவிட்டார். மயிலை வாலை ஒருமுறை ஆட்டியது.

யாரும் எதுவும் கேட்கவில்லை. குருவம்மாள் இலை போட்டார், தோசைகளை வைத்தார், சட்னியும் தண்ணீரும் பக்கத்தில் வைத்தார். பிறகு கணவரையும் மகளையும் ஒரு பார்வை பார்த்தார்.

மூவரும் காலண்டர் பக்கம் திரும்பினார்கள். மயிலை கதவுப் பக்கம் திரும்பிப் படுத்தது.

கை கழுவும் சத்தம் கேட்ட பிறகே குருவம்மாள் திரும்பினார்.

இலையில் ஒரு துணுக்கும் மீதியில்லை.

மூன்று தோசை.