முப்பது நாள் பேசிய போன்

அரசர்கள் இடுப்பில் உடைவாளும் கையில் செல்போனுமாகத் திரிந்த காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோடைமங்கலத்து மன்னர் மகிபாலர் வெளிநாடு போனால், தினமும் மகாராணி செண்பகவல்லியிடம் போனில் பேசியாக வேண்டும். குரல் கேட்காவிட்டால் மகாராணிக்குச் சோறு இறங்காது. போன பயணத்துக்கு வந்த ரோமிங் பில்லைக் கட்டப் பட்டத்து யானையையே அடகு வைத்தார்கள் என்றால் பாருங்களேன்.

இந்த முறை முப்பது நாள் பயணம். சபையில் சாமர்த்தியசாலி என்று பெயரெடுத்த அழகர்நம்பி மேல் அமைச்சர் தண்டபாணியாருக்கு வெகுநாள் கடுப்பு. அவர் மன்னர் காதில் மெல்ல ஓதினார். போன் பொறுப்பை நம்பியிடம் விடலாம். ஆனால் ரோமிங் கூடாது. அந்த நாட்டு சிம்மும் கூடாது. போன இடத்து அரசரிடம் வைஃபை பாஸ்வேர்டு கேட்பது மானக்கேடு. மகாராணியோ தினமும் குரல் கேட்க வேண்டும். தவறினால் நம்பிக்கு அரண்மனையில் வேலை இல்லை. மன்னரும் தலையாட்டிவிட்டார்.

“போனை நான் பார்த்துக்கொள்கிறேன், தாங்கள் தொடவே வேண்டாம்” என்றார் நம்பி. மன்னரோடு போனார், ஊர் சுற்றினார், முப்பது நாள் கழித்துத் திரும்பினார். பில் வரவில்லை. மகாராணியோ ஒரு சுற்றுப் பருத்திருந்தார்.

தண்டபாணியார் விடுவாரா? துப்புத் துலக்கி, நிறைந்த சபையில் போட்டு உடைத்தார். கிளம்புவதற்கு முன்பே நம்பி, மன்னருக்குத் தெரியாமல் அவர் போன் பேச்சைப் பதிவு செய்து வைத்துவிட்டாராம். நம்பியின் மனைவி தினமும் வீட்டிலிருந்தே மகாராணிக்கு போன் போட்டு அதை ஓடவிட்டாளாம்.

மன்னருக்குக் கோபம் தலைக்கேறியது. “மகாராணியையே ஏமாற்றினாயா?”

“மன்னா, தாங்கள் போனில் பேசுவதே நாலு பேச்சுதான். சாப்பிட்டேன், அப்படியா, சரி சரி, வச்சிடட்டுமா. அதை மாற்றிச் சொன்னால்தான் மகாராணியாருக்குச் சந்தேகம் வரும். ஏமாந்தார்களா என்று அவர்களையே கேளுங்கள்.”

மகாராணி தலை குனிந்தார். மூன்றாம் நாளே அலுத்துவிட்டதாம். “சாப்பிட்டீங்களா, மழை உண்டா, உடம்பைப் பாத்துக்கோங்க” என்று தாமும் பதிவு செய்து, போன் வந்தால் ஓடவிடும்படி தோழியிடம் கொடுத்துவிட்டு, நிம்மதியாகச் சாப்பிடப் போய்விட்டாராம்.

மன்னர் விழித்தார். “அப்படியானால் இத்தனை நாளும் பேசியது யார்?”

“இரண்டு போன்களும்தான் மன்னா. ஒரு நாள்கூடச் சண்டை வரவில்லை.”

மன்னர் வயிறு குலுங்கச் சிரித்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றி நம்பிக்குப் போட்டார். போடும் சாக்கில் குனிந்து காதோடு சொன்னார்:

“அந்தப் பதிவை அழித்துவிடாதே. நான் ஊரில் இருக்கும்போதும் உதவும்.”