குகைக்குப் போன போர்வை

ஒரு காட்டில், ஓடைக்கரையில் இருந்த இலந்தைப் புதரின் அடியில், செவந்தி என்ற கீரி வளை தோண்டிக் குடியிருந்தாள். அவளுடைய கணவன் பெயர் காரி. அவர்களுக்கு மூன்று பிள்ளைகள். காரி அதிகம் பேசமாட்டான். செவந்திக்குக் கைவேலை என்றால் உயிர். அந்தக் கைவேலையை யாராவது ஒரு வார்த்தை பாராட்டிவிட்டால், அன்றைக்கு அவளுக்குப் பசிகூட எடுக்காது.

அந்த ஆண்டு ஐப்பசி மழை விடாமல் பெய்தது. வளையின் தரை ஈரமாகிவிட்டது.

"மார்கழியில் பிள்ளைகள் இந்தத் தரையில் படுக்க முடியாது. ஒரு போர்வை தைக்கப்போகிறேன்" என்றாள் செவந்தி.

காட்டுப் பாதையில் நடப்பவர்களின் துணி முள்ளில் மாட்டிக் கிழியும் அல்லவா? அந்தத் துண்டுகளை அவள் சேர்த்து வைத்திருந்தாள். சிவப்புத் தலைப்பாகைத் துண்டு ஒன்று. கட்டம் போட்ட லுங்கியின் ஓரம். ஒரு மஞ்சள் பையின் பாதி. கோடையில் பொறுக்கிய இலவம் பஞ்சும் வீட்டில் இருந்தது. பக்கத்து வளையில் இருந்த முள்ளம்பன்றி தன் முள் ஒன்றை உதறிக் கொடுத்தாள். யாருக்கு ஊசி வேண்டுமென்றாலும் அவளிடம்தான் போவார்கள். அதனால் எல்லாருக்கும் அவள் ஊசிக்காரி அக்கா.

காரி கற்றாழை மடலைத் தட்டி நார் உரித்தான். மதியம் சாப்பிட்டு முடித்ததும் எல்லாரும் கூடி உட்காருவார்கள். செவந்தி தைப்பாள், பிள்ளைகள் பஞ்சை அடைப்பார்கள். கடைக்குட்டி பொடிச்சி ஒருநாள் பஞ்சோடு சேர்த்து ஒரு கூழாங்கல்லையும் அடைத்துவிட்டாள். தைத்ததைப் பிரித்து அதை எடுக்க வேண்டியதாயிற்று.

கார்த்திகை முடிவதற்குள் போர்வை தயாராகிவிட்டது. நான்கு நாள் எல்லாரும் அதில் சுகமாகப் படுத்தார்கள். ஐந்தாம் நாள் செவந்தி அதை வெயிலில் உலர்த்தினாள். அப்போது அந்த வழியாக வீரணன் என்ற நரி வந்தான்.

வீரணன் ஒரு பாறைக் குகையில் தனியாக இருந்தான். குகையில் ஈரமில்லை. ஆனால் கல் தரை சில்லென்று குளிரும். போர்வையைப் பார்த்ததும் அவன் நின்றான்.

"தங்கையே, இதை யார் தைத்தது?"

"நான்தான் அண்ணா."

"நம்பமுடியவில்லை. ஒரு தையல்கூட வரிசை பிசகவில்லையே. எந்த விழாவுக்காகத் தைத்தாய்?"

"விழாவுக்கு இல்லை. பிள்ளைகள் படுப்பதற்கு."

வீரணன் காதைப் பொத்திக்கொண்டான். "படுப்பதற்கா? சேற்றுக் காலோடு இதை மிதிக்க விடுகிறாயா? தங்கையே, இது பார்க்க வேண்டிய பொருள், படுக்கிற பொருள் இல்லை. என் குகையில் ஈரம் கிடையாது, கறையான் கிடையாது. அங்கே விரித்து வைத்தால் பத்துக் காட்டிலிருந்து வந்து பார்ப்பார்கள். பார்க்கிறவர்கள் எல்லாரும் உன் பெயரைத்தான் சொல்வார்கள். காவலுக்கு நான் இருக்கிறேன்."

செவந்தி போர்வையைப் பார்த்தாள். இதுவரை தெரியாத ஓர் அழகு இப்போது அதில் தெரிந்தது.

காரி மெதுவாக, "போர்வை என்றால் போர்த்தத்தானே" என்றான்.

"என் வேலையின் அருமை உங்களுக்கு எங்கே தெரிகிறது?" என்று செவந்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வீரணன் போர்வையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு போனான்.

அவன் சொன்னது போலவே மான்களும் முயல்களும் மயில்களும் குகைக்கு வந்தார்கள். எல்லாரும் வாசலிலேயே நின்று எட்டிப் பார்க்க வேண்டும், தொடக்கூடாது. "உச்சிப்பொழுதுக்கு மேல்தான் வரவேண்டும். காலையில் போர்வைக்கு ஓய்வு வேண்டும்" என்று வீரணன் கட்டளை போட்டிருந்தான். செவந்தி தினமும் மதியம் போய் ஓரமாக நின்று, வந்தவர்கள் பேசுவதைக் கேட்பாள். மனம் நிறைந்து திரும்புவாள்.

மார்கழி பிறந்தது. பிள்ளைகள் சருகைக் குவித்து அதில் சுருண்டு படுத்தார்கள். பொடிச்சிக்கு இருமல் வந்தது. மூன்று நாள் ஆகியும் நிற்கவில்லை. நான்காம் நாள் அவள் இரை எடுக்கவில்லை. தாயின் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு நடுங்கினாள்.

செவந்தி விடிந்ததும் குகைக்கு ஓடினாள். குழந்தைக்குச் சரியாகும்வரை நான்கு நாள் கேட்டு வாங்கிவருவதாக நினைப்பு.

குகைக்குள் வீரணன் தூங்கிக்கொண்டிருந்தான். போர்வையை மூக்குவரை இழுத்துப் போர்த்தியிருந்தான். சிவப்புத் துண்டின் மேல் அவன் எச்சில் வழிந்திருந்தது. கட்டம் போட்ட ஓரத்தில் எலும்புத் துண்டு ஒன்று கிடந்தது.

செவந்தி அவனை எழுப்பவில்லை. வந்த வழியே திரும்பினாள். வீட்டுக்கு வந்து காரியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்போது அவளால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. காரி, 'நான் அப்போதே சொன்னேனே' என்று சொல்லவில்லை. பொடிச்சியை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, "இப்போது என்ன செய்யலாம்?" என்றுதான் கேட்டான்.

"சண்டைக்குப் போனால் அவன் பல்லுக்கு நாம் தாங்கமாட்டோம். கேட்டால், காவலுக்குத்தான் மேலே படுத்திருந்தேன் என்பான். அவன் வாயாலேயே சொல்லவைத்துத்தான் அதை வாங்க வேண்டும்" என்றாள் செவந்தி.

அவள் ஊசிக்காரி அக்காவின் வளைக்குப் போனாள். இருவரும் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டார்கள்.

அன்று மதியம் குகை வாசலில் நல்ல கூட்டம். உள்ளே போர்வை ஒரு மடிப்பும் இல்லாமல் விரிந்திருந்தது. பொடிச்சியை அண்ணன்களிடம் விட்டுவிட்டுக் காரியும் வந்திருந்தான். செவந்தி ஊசியோடு முன்னால் வந்தாள். ஊசிக்காரியும் முட்களைச் சிலிர்த்தபடி கூடவே வந்து, வீரணனின் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

"வீரணன் அண்ணா, இத்தனை பேர் வந்து பார்க்கிறார்கள். போர்வையில் ஒரு குறை இருப்பது எனக்கு உறுத்துகிறது" என்றாள் செவந்தி.

"என்ன குறை?"

"நான்கு மூலையிலும் குஞ்சம் இல்லை. இவ்வளவு உயர்ந்த போர்வைக்கு நார்க் குஞ்சம் பொருந்தாது. நரி வால் முடியில்தான் கட்டவேண்டும். வாலில் பாதி போதும் அண்ணா. அக்கா பிடித்துக்கொள்வார்கள், நான் பிடுங்கிக்கொள்கிறேன்."

வீரணன் வாலைக் கால்களுக்கு நடுவே இழுத்துக்கொண்டான்.

"நல்ல யோசனைதான்" என்றார் ஒரு மான். "பத்துக் காடும் உங்கள் வாலைப் பற்றிப் பேசும்."

"முடி மறுபடியும் வளர்ந்துவிடும்" என்றார் ஒரு முயல்.

ஊசிக்காரி ஓர் அடி நெருங்கினாள். வீரணன் பின்னால் நகர்ந்து பாறையில் முட்டிக்கொண்டான்.

"கொஞ்சம் பொறுங்கள்" என்றான். "இதற்குப் போய்க் குஞ்சம் எதற்கு? நான்கு கந்தலை ஒட்டுப் போட்டுப் பஞ்சு அடைத்திருக்கிறது, அவ்வளவுதானே? குளிருக்குப் போர்த்திக்கொள்கிற பொருள். அதற்கு யாராவது அலங்காரம் செய்வார்களா?"

"போர்த்திக்கொள்கிற பொருளா?" என்று செவந்தி கேட்டாள்.

"வேறு என்ன? போர்வை போர்த்தத்தானே."

"எல்லாரும் கேட்டீர்கள் அல்லவா?" என்று ஊசிக்காரி கூட்டத்தைப் பார்த்தாள். எல்லாரும் தலையசைத்தார்கள்.

"அப்படியானால் அது என் வீட்டில் இருக்கட்டும் அண்ணா. அங்கே போர்த்திக்கொள்ள ஆள் இருக்கிறது" என்றாள் செவந்தி. காரி ஒரு முனையைப் பிடித்தான், அவள் மறுமுனையைப் பிடித்தாள். இருவரும் அதை மடித்து எடுத்துக்கொண்டு நடந்தார்கள். வீரணன் வாலைச் சுருட்டிக்கொண்டு குகைக்குள் போனான்.

ஓடையில் இரண்டு முறை அலசி, பாறை வெயிலில் காயவைத்த பிறகுதான் நரி வாடை போயிற்று. மறுநாள் மாலை பொடிச்சியை அதில் சுற்றிப் படுக்கவைத்தார்கள். இருமல் உடனே நின்றுவிடவில்லை. ஆனால் நடுக்கம் நின்றது. ஆறாம் நாள் அவள் எழுந்து, அண்ணன்களின் இரையைப் பிடுங்கித் தின்றாள்.

தை மாதத்தில், தூரத்துக் காட்டிலிருந்து இரண்டு முயல்கள் கேள்விப்பட்டு வந்தார்கள்.

"செவந்தி தைத்த போர்வையைப் பார்க்க வந்தோம்" என்றார்கள்.

"பிள்ளைகள் அதில் தூங்குகிறார்கள். எழுந்த பிறகு பார்க்கலாம்" என்றாள் செவந்தி. பிறகு, அவர்கள் உட்காருவதற்குச் சருகை நகர்த்தி இடம் செய்தாள்.

நீதி: வீட்டாருக்காகச் செய்த பொருளுக்கு, வீட்டாருக்குப் பயன்படுவதே பெருமை.